உள்ளங்காலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், தோல் புற்றுநோய் பற்றிய அச்சம் நம் ஊருக்கும் வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் சன்ஸ்கிரீன் விளம்பரம், கைபேசியில் 'எஸ்.பி.எஃப். 50 இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள்' என்று எச்சரிக்கும் காணொளி, மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் விதவிதமான ட்யூப்கள். வெயில் பட்டால் புற்று வரும், பூசிக்கொண்டால் வராது என்பதுதான் எல்லாவற்றின் சாரமும். இது பொய்ச் செய்தி என்று சொல்லிவிட முடியாது. வேறொரு நாட்டில், வேறொரு நிறத்துத் தோலுக்காக, தக்க காரணத்தோடு உருவான செய்தி. அதை அப்படியே நாம் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. நமக்குக் குறைவாக உள்ள ஆபத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். நமக்கென்று இருக்கும் ஆபத்தைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. கருநிறத் தோலில் வரும் கொடிய புற்று பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் தொடங்குகிறது: உள்ளங்காலில், கால் பெருவிரல் நகத்துக்கு அடியில், வருடக்கணக்கில் ஆறாத புண்ணில், பழைய தீத்தழும்பில். அங்கெல்லாம் யாரும் எந்தக் களிம்பும் பூசுவதில்லை. முக்கியமாக, யாரும் பார்ப்பதுகூட இல்லை.

முதலில் அந்த வேறொரு நாட்டைப் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு வகைத் தோல் புற்று கண்டறியப்படுகிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய மங்கிய வெயில் நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்களின் சந்ததி, உலகின் மிகக் கடுமையான வெயில்களில் ஒன்றில் வாழ்கிறது. 1981ல் அங்கே தொடங்கிய 'சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை' பிரசாரம் இன்றுவரை பொதுச் சுகாதாரத்தின் வெற்றிக் கதைகளில் ஒன்று. அதற்கு அறிவியல் ஆதாரமும் பலமானது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பூர் என்ற சிற்றூரில் 1992ல் சுமார் 1,600 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்ற குழுவை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். நாலரை ஆண்டு முடிவில், தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் புற்று எனும் தோல் புற்று வகை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. அதன் பிறகும் பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில் மெலனோமா எனும் கொடிய வகைத் தோல் புற்று, விருப்பத்துக்கு விட்ட குழுவில் 22 பேருக்கும், தினமும் பூசிய குழுவில் 11 பேருக்கும் வந்திருந்தது. ஆக, வெள்ளைத் தோல்காரர் வெயிலுக்கு அஞ்சுவதிலும் களிம்பு பூசுவதிலும் தவறே இல்லை. இந்தக் கட்டுரை சன்ஸ்கிரீனுக்கு எதிரானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நம் தோலுக்கு வருவோம். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை தயாரிக்கும் மெலனின் எனும் நிறமியின் பொட்டலங்களின் அளவும் பரவலும்தான் வேறு. கருந்தோலில் இந்தப் பொட்டலங்கள் பெரிதாக, தனித்தனியாக, மேல்தோல் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கும் மேலே, வெயில் வரும் பக்கமாக, குடை பிடித்ததுபோல் குவிந்து நிற்கின்றன. உட்கருவில்தான் டி.என்.ஏ. இருக்கிறது, புறஊதாக் கதிர் அதைத் தொட்டுச் சிதைப்பதில்தான் வெயில் புற்று தொடங்குகிறது. 1979ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோல் மாதிரிகளை வைத்து அளந்தார்கள். கறுப்பினத்தவரின் மேல்தோல் தானாகவே தரும் பாதுகாப்பு, எஸ்.பி.எஃப். கணக்கில் சுமார் 13 என்றும், வெள்ளையருக்கு அது சுமார் 3 என்றும் கண்டார்கள். நம்மவர்களின் மாநிறமும் கறுப்பும் இந்த இரண்டுக்கும் இடையே பல படிகளில் வரும். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. தோலை வெயிலுக்கு ஏற்ப வகைப்படுத்த உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975ல் வந்தபோது வெள்ளைத் தோலுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. உலகின் பெரும்பான்மை மக்களான பழுப்பு நிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் ஐந்தாவது, ஆறாவது படிகள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. தோல் மருத்துவம் யாருடைய தோலைப் பார்த்து வளர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

உடனே ஒரு கேள்வி எழும். இந்தியாவில் தோல் புற்று குறைவு, மொத்தப் புற்றுகளில் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்கிறார்கள். இங்கே நோயைப் பதிவு செய்வதே அரைகுறை, கிராமத்துப் பெரியவரின் முகத்தில் வந்த கட்டி எந்தப் பதிவேட்டில் ஏறியது? நியாயமான கேள்வி. அதனால்தான் பதிவேடு ஒழுங்காக இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1968 முதலே புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே வெயிலில், ஒரே மருத்துவமனைகளில் வாழ்கிறார்கள். அந்த இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர். 1968 முதல் 2006 வரையான கணக்கை ஆராய்ந்தபோது, வெளிர்நிறச் சீனர்களுக்குத் தோல் புற்று வரும் விகிதம் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும்விட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அமெரிக்காவில் வேறுபாடு இன்னும் பெரிது: வாழ்நாளில் மெலனோமா வரும் வாய்ப்பு வெள்ளையரில் சுமார் 33 பேரில் ஒருவருக்கு, கறுப்பரில் சுமார் 1,000 பேரில் ஒருவருக்கு. பதிவேட்டில் விடுபட்டவர்கள் என்று சொல்லி இவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்ப முடியாது. தோலின் நிறம் உண்மையிலேயே காக்கிறது.

அடுத்து, வரும் அந்தச் சிலருக்காவது வெயில்தானே காரணம் என்று கேட்கலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் அடெவோலே ஆடம்சனும் சக ஆய்வாளர்களும் இதே கேள்வியோடு கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2021ல் முடிவை வெளியிட்டார்கள். தகுதியான 13 ஆய்வுகளில் 11ல், வெள்ளையரல்லாதவரிடம் புறஊதாக் கதிருக்கும் மெலனோமாவுக்கும் தொடர்பே தென்படவில்லை. மீதி இரண்டில் தென்பட்ட தொடர்பும் பலவீனமானது. ஆய்வுகளின் தரம் பிரமாதமில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'கறுப்பாக இருந்தாலும் மெலனோமாவுக்குப் பயந்து தினமும் சன்ஸ்கிரீன் பூசு' என்று அடித்துச் சொல்பவர்களின் கையில் இதற்கு எதிரான வலுவான ஆதாரம் எதுவும் இல்லை.

வாய்ப்பு இவ்வளவு குறைவென்றால் நிம்மதியாக இருந்துவிடலாமே? கூடாது. அமெரிக்காவில் மெலனோமா கண்டறியப்பட்ட வெள்ளையரில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். கறுப்பரில் சுமார் 70 சதவீதம் பேர்தான். அரிதாக வரும் நோய், வந்தால் அதிகம் கொல்கிறது. ஒரு காரணம் வறுமையும் மருத்துவ வசதிக் குறைவும். இன்னொரு காரணம் அது வரும் இடம். கருந்தோலிலும் ஆசியர்களிடமும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகியவற்றில் வருகிறது. இந்த வகைக்கு ஆக்ரல் மெலனோமா என்று பெயர். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வில், வெயில் படும் தோலில் வந்த மெலனோமாக்களின் டி.என்.ஏ. முழுக்கப் புறஊதாக் கதிரின் தழும்புகள் இருந்தன. கை கால்களின் அடிப்பகுதியில் வந்தவற்றில் சேதத்தின் ரகமே வேறு. வெயிலின் முத்திரை மிக அரிதாகவே தெரிந்தது. பிறகு எதனால் வருகிறது? ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழக மருத்துவர்கள் உள்ளங்கால் மெலனோமாக்களின் இடங்களைப் படத்தில் குறித்துப் பார்த்து 2016ல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும், அதாவது உடல் எடை அழுந்தும் இடங்களில் அவை கூடுதலாக இருந்தன. தரையில் படாத வளைவுப் பகுதியில் குறைவாக இருந்தன. அழுத்தமும் உராய்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. காரணம் எதுவானாலும், அதைத் தடுக்கும் களிம்பு இல்லை என்பது உறுதி. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி 1977ல் கால் பெருவிரலில் இருந்த காயத்தைக் கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார். நகத்தடியில் இருந்தது ஆக்ரல் மெலனோமா. 1981 மே 11 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36.

உள்ளங்காலில் வரும் இந்தப் புற்று எப்படி நழுவிப்போகிறது என்பதை நம் ஊர்ப் பழக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். முன்பாதத்தில் கறுப்பாக, கொஞ்சம் தடித்து ஒரு புள்ளி. மிதித்தால் லேசாக வலி. வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கால் ஆணி. மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவார்கள். சிலர் எருக்கம்பால் விடுவார்கள், சிலர் பிளேடால் சீவுவார்கள். சீவியதில் ரத்தம் கசிந்தால், புண்ணாகிவிட்டது என்று களிம்பும் கட்டும். சர்க்கரை நோயாளி என்றால் விடை முன்னமே தயாராக இருக்கும், சர்க்கரைப் புண். நகத்தடியில் வந்தால் அம்மிக்கல் விழுந்த ரத்தக்கட்டு, இல்லையென்றால் நகச்சொத்தை. பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் ஓடும். பெண்களின் நகத்தை மருதாணியும் நெயில் பாலிஷும் மறைத்துவிடும். இந்த ஒவ்வொரு ஊகமும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகவே இருக்கும், அதுதான் சிக்கல். மெலனோமாவின் கதையை அதன் ஆழம்தான் தீர்மானிக்கிறது என்று 1970லேயே அமெரிக்க நோய்க்கூற்றியல் நிபுணர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டியெடுத்தால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆழம் கூடக் கூட அது நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகிறது. இன்று வந்திருக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகள் விலையால் எட்டாதவை. அதோடு, மற்ற மெலனோமாக்களுக்குக் கேட்கும் அளவுக்கு அவை ஆக்ரல் மெலனோமாவுக்குக் கேட்பதும் இல்லை. ஆறு மாதக் கார்ன் கேப்பின் உண்மையான விலை இதுதான்.

மெலனோமாவை விடவும் நம்மிடையே கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: ஆறாத புண். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மர்ஜோலின் 1828ல் பழந்தழும்புகளில் எழும் புண்களைப் பற்றி எழுதினார். தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் உருவாகும் புற்றை இன்றும் அவர் பெயரால் மர்ஜோலின் புண் என்கிறார்கள். பெரும்பாலும் இது ஸ்குவாமஸ் செல் புற்று. தீத்தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இப்படி மாறக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அதற்குச் சராசரியாக முப்பதாண்டு ஆகிறது. இளம்வயதில் அடுப்படியில் சேலை பற்றி எரிந்து, தோல் ஒட்டுச் சிகிச்சை இல்லாமல் தானாக ஆறிய தழும்பு, ஐம்பது வயதில் வெடித்து மறுபடி புண்ணானால் அது பழைய தழும்பின் தொல்லை என்றே குடும்பம் நினைக்கும். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த புண்கள் புற்றாக மாறியதை 1970களிலேயே இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சிட்டு, கணுக்காலுக்கு மேலே வரும் புண்ணும் இதே ரகம்தான். ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021ல் சட்டம் திருத்தியது. அது உழைப்பவரின் கண்ணியத்துக்கான சட்டம் மட்டுமில்லை, கால் நாளங்களுக்கான சட்டமும்கூட. கடைகளில் அந்த நாற்காலி எத்தனை இடத்தில் ஊழியருக்குக் கிடைக்கிறது, எத்தனை இடத்தில் வாடிக்கையாளரின் பைகளைச் சுமக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

உராய்வும் சூடும் தோலை எப்படிப் புற்றுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு இந்தியாவே பாடப்புத்தகமாக இருந்திருக்கிறது. காஷ்மீரத்தார் குளிர்காலத்தில் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி எனும் கணப்புச் சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் எல்ம்ஸ்லி 1866ல் எழுதினார். மும்பையில் புற்றுநோய் ஆய்வின் முன்னோடியான வி.ஆர். கானோல்கர் 1945ல், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றித் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார். அண்மையில், 2024 நவம்பரில், பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் மர்ஜோலின் புண் வந்த இரண்டு வயதான பெண்களைப் பற்றி மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார்கள். செய்தித்தாள்கள் 'சேலைப் புற்று' என்று தலைப்பிட்டு, சேலையே விஷம் என்பதுபோலப் பரபரப்பூட்டின. சேலைமேல் பழியில்லை. மெல்லிய நாடா ஒரே இடத்தில் பல பத்தாண்டுகளாக இறுக்குவதுதான் காரணம். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து அங்கே தோல் கறுத்து, தடித்து, உதிர்ந்து, வெடித்து, ஆறி, மறுபடி வெடிக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பெண்களின் இடுப்பில் அந்தக் கறுத்த வளையம் இருக்கிறது. அவை எல்லாம் புற்றாகப் போவதில்லை. மிகமிக அரிதாகவே ஆகிறது. ஆனால் அந்த வளையத்தில் ஒரு இடம் புண்ணாகி ஆறவில்லை என்றால் அதை நாடா உரசல் என்று விட்டுவிடக் கூடாது. தடுப்பதற்கும் காசு செலவில்லை. நாடாவுக்குப் பதில் அகலமான துணிப்பட்டை வைத்துத் தைக்கலாம். முடிச்சைத் தினம் ஒரு பக்கமாக மாற்றலாம். வீட்டில் இருக்கும் நேரத்தில் தளர்த்திவிடலாம்.

சன்ஸ்கிரீன் பூசுவதால் கெடுதல் இல்லையே, பூசிவிட்டுப் போகட்டுமே என்பார்கள். பூசட்டும், ஆனால் எதற்குப் பூசுகிறோம் என்று தெரிந்து பூசட்டும். நம்மிடையே அது உண்மையில் உதவுவது மங்குக்கும், பருத்தழும்பு கறுப்பதற்கும், வெயில் ஒவ்வாமைக்கும். அங்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஸ்.பி.எஃப். எண் என்பது தோல் சிவப்பதைத் தடுக்கும் திறனின் அளவு. நம் தோலின் கவலை சிவப்பதில்லை, கறுப்பது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே கருநிறத் தோலை நீண்ட நாளைக்குக் கறுக்க வைக்கிறது, வெள்ளைத் தோலை அப்படிச் செய்வதில்லை என்று டெட்ராய்ட் நகர ஆய்வாளர்கள் 2010ல் காட்டினார்கள். அந்த ஒளியைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள களிம்பு தேவை. வெறும் எஸ்.பி.எஃப். 50 அதைச் செய்யாது. மங்குக்காக மாதாமாதம் காசைக் கரைப்பவர்களுக்குக் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், 'டேன் ரிமூவல்' என்ற பெயரில் விற்பது பழைய சிவப்பழகு வியாபாரத்தின் புதிய சட்டை. நல்ல நிறமியை வைத்துக்கொண்டு, அதை வெளுக்க ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த களிம்பைப் பூசி, தோல் மெலிந்து ரத்தநாளம் தெரிய வந்து நிற்பவர்களைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ல் விதியை இறுக்கியது. மூலைக்கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். அல்பினிசம் எனும் நிறமியில்லாப் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வெயில்தான் பெரிய எதிரி. அவர்களுக்குச் சன்ஸ்கிரீன் அழகுப்பொருள் கிடையாது, மருந்து. அரசு மருத்துவமனையில் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். வெண்புள்ளித் திட்டுகள் வெயிலில் எளிதாகச் சுடும். சிறுநீரகம், கல்லீரல் மாற்றிக்கொண்டு நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எந்த நிறமானாலும் தோல் புற்று வாய்ப்பு கூடும். வயதானவர்களின் மூக்கோரத்திலும் கண்ணோரத்திலும் முத்துப்போலப் பளபளக்கும் கறுப்புக் கட்டி மெல்ல வளர்ந்தால், அது வெயிலோடு தொடர்புள்ள பேசல் செல் புற்றாக இருக்கலாம். உடலுக்குள் பரவுவது அபூர்வம், ஆனால் விட்டால் மூக்கையே அரித்துவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் கீழிருந்தும் மேலிருந்தும் கண் கூசும் வெளிச்சத்தில் நிற்பவருக்குக் கண்புரையும் கண்ணில் சதை வளர்தலும் தோலைவிடப் பெரிய கவலை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் போட்டுக்கொள்கிறார்களே, எந்த நிபுணரும் சொல்லித்தராத அந்த ஏற்பாடு ட்யூப் களிம்பைவிட நம்பகமானது. வியர்வையில் வழிந்தோடாது, இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி பூசவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு ஆட்சேபம், மருத்துவர்களிடமிருந்தே வரக்கூடியது: காலில் கறுப்புப் புள்ளி இருக்கும் ஒவ்வொருவரையும் பயமுறுத்திப் புறநோயாளிப் பிரிவை நிரப்பப் பார்க்கிறீர்கள். பயம் வேண்டாம் என்பதற்கான விவரங்களும் இருக்கின்றன. கருநிறத்தாரின் உள்ளங்காலில் மங்கலான பழுப்புத் திட்டுகள் பல இருப்பது இயல்பு. பல நகங்களில் பழுப்புக் கோடு ஓடுவதும் இயல்பு. நடுவயதுக்குமேல் கன்னத்தில் பொடிப்பொடியாக வரும் கறுப்பு மருக்கள் முற்றிலும் தீங்கற்றவை. கவனிக்க வேண்டியது ஒற்றையாக, புதிதாக, மாறிக்கொண்டே இருப்பதை: ஓரம் சீரில்லாமல் பல நிறத்தில் பரவும் புள்ளி, ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ பெருவிரலிலோ வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடு, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண் தோலுக்கு இறங்குவது, காரணமில்லாமல் ரத்தம் கசியும் 'ஆணி'. தோல் மருத்துவரிடம் டெர்மாஸ்கோப் என்ற சிறிய ஒளிக்கருவி இருக்கும். உள்ளங்காலிலும் விரல்ரேகைபோல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? சாதாரண மச்சத்தில் கறுப்பு பள்ளத்தில் தங்கும். மெலனோமாவில் மேட்டில் படியும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்ன இந்த வேறுபாட்டைக் கருவி வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் பெரும்பாலான அச்சம் தீர்ந்துவிடும். தீராதபோது சிறு துண்டு எடுத்துச் சதைப் பரிசோதனை, அதாவது பயாப்சி. இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற நம்பிக்கை படித்தவர் வீட்டிலும் இருக்கிறது. பயாப்சி எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது.

இதற்கெல்லாம் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பதற்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் இருக்கிறது. உணர்ச்சி குறைந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்க்கும் அதே கை, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். படிவத்தில் ஒரு கட்டம் கூடினால் போதும். மருத்துவ மாணவர்களுக்கு வெள்ளைத் தோலின் படங்களோடு நம் தோலின் படங்களும் காட்டப்பட வேண்டும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் 2020ல் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே போட்டார். நோயாளிகளில் பெரும்பாலோர் கருந்தோலராக இருக்கும் நம் நாட்டில் அப்படி ஒன்று முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். பாதம் கழுவித் தேய்த்துவிடும் அழகுநிலையப் பெண்களும் நம் உள்ளங்காலை நம்மைவிட நெருக்கமாகப் பார்க்கிறவர்கள்தான், அவர்களுக்கும் சொல்லிவைக்கலாம்.

வாசகர்கள் செய்ய வேண்டியது மாதம் ஒருமுறை ஐந்து நிமிட வேலை. நகப்பூச்சை அழித்துவிட்டு இருபது நகங்களையும் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு, இடுப்பு, பழைய தழும்புகளைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களின் பாதத்தை வீட்டில் இளையவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், மறுபடி வெடிக்கும் தழும்பு, வளரும் ஒற்றைக் கறுப்பு, இவற்றில் எது இருந்தாலும் ஆணி பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். 'இது புற்றாக இருக்குமா?' என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை.